வேர்க்கும் சுவர்

வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு என்று சொல்லிவைத்தவர்கள் குழாய்க்காரர் வீட்டுச் சுவரைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்கள். சொல்லியிருந்தாலும் இந்த வீட்டில் அதை எடுத்துவிட யாருக்கும் துணிச்சல் வந்திருக்காது.

கீழ்வீட்டில் தையல் மெஷின் போட்டிருந்த அறை. அங்கே கூரையும் சுவரும் சேரும் மூலையிலிருந்து தண்ணீர் கசிந்து இறங்கிக்கொண்டிருந்தது. அதுவும் யார் வீட்டில்? ஊரில் எந்தக் குழாய் ஒழுகினாலும் முதலில் ஆள் அனுப்பப்படும் குழாய்க்காரர் வீட்டில். "என் கை பட்ட ஜாயிண்ட் ஒழுகாது" என்பது அவர் போகிற இடமெல்லாம் சொல்கிற சொல். அந்த மூலைக்கு நேர் மேலே இருந்த மாடிக் குளியலறைக்கு, கல்யாணமான புதிதில் அவரே தரையைக் கொத்தி, அவரே குழாய் பதித்து, அவரே பூசி முடித்திருந்தார். ஆகவே அங்கே கசிவு இருக்க முடியாது. இருக்க முடியாதது கண்ணுக்குத் தெரிந்தால் அதற்கு வேறு பெயர் வைக்கத்தானே வேண்டும்?

"அது வேர்வை. சுவர் வேர்க்குது. ரூம்ல காத்தோட்டம் பத்தல" என்றார்.

அன்றோடு கசிவு என்ற சொல் அந்த வீட்டை விட்டு வெளியேறியது. வெளியூரில் வேலை பார்க்கும் மகள்கூடப் போனில், "அப்பா எப்படி இருக்காரு? சுவருக்கு இன்னும் வேர்க்குதா?" என்றுதான் கேட்பாள்.

பெயர் வைத்தால் மட்டும் போதுமா? குழாய்க்காரர் ஆணி அடித்து அதன் மேல் ஒரு காலண்டரை மாட்டினார். வேர்வை காலண்டரைத் தாண்டி எட்டிப் பார்த்தது. பெரிய காலண்டராக ஒன்று வேண்டும் என்று மருந்துக்கடைக்காரரிடம் சொல்லிவைத்து வாங்கி வந்தார். மருந்துக்கடைக்காரர் அவருடைய நெடுநாள் வாடிக்கை. "எல்லாரும் தேதி பாக்கக் காலண்டர் கேப்பாங்க, இவர் ஒருத்தர்தான் அகலம் கேட்டாரு" என்று அவர் சொல்லிச் சிரிப்பார். அந்தப் பெரிய காலண்டர் ஏறிய பிறகு குழாய்க்காரர் அந்தச் சுவர்ப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. அப்படித்தான் அவர் மனைவி நினைத்துக்கொண்டிருந்தாள்.

மனைவி தையல்காரி. ஜன்னல் திரை விற்கும் கடை ஒன்றுக்கு வீட்டிலிருந்தே திரைகளைத் தைத்துக் கொடுப்பவள். திரை தைக்கிற வேலையில் உயிரெல்லாம் மேல்மடிப்பில்தான் இருக்கிறது. ராடு நுழைகிற அந்த மடிப்பைத் தப்பான ஓரத்தில் வைத்துவிட்டால், பூவெல்லாம் தலைகீழாகத் தொங்கும், கடைக்காரர் முகமும் தொங்கிவிடும். இத்தனை வருஷத்தில் அவள் ஒரு மடிப்பைக்கூட மாற்றி வைத்ததில்லை.

வெட்டியதில் மிஞ்சிய துண்டுகள் அவளுக்கு. கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்பது பழைய கதை. அவள் கந்தையைக் கோத்துச் சுவரில் மாட்டினாள். ஊர் நூலகத்தின் மாடியில் சனிக்கிழமைதோறும் கூடும் துணிச்சித்திரக் குழுவில் அவளும் ஒருத்தி. துணிச்சித்திரம் என்றால் பார்ப்பதற்குப் போர்வை மாதிரிதான்: மேலே துண்டுத் துணிகள், நடுவில் பஞ்சு விரிப்பு, கீழே அடித்துணி, மூன்றையும் சேர்த்துப் பிடித்து ஓடுகிற தையல். ஆனால் யாரும் போர்த்திக்கொள்வதற்கில்லை, பார்ப்பதற்கு. "போத்திக்காத போர்வைக்கு எதுக்குடி இத்தனை பஞ்சு?" என்று மாடிவீட்டு நாத்தனார் கேட்பாள். நாத்தனார் என்றால் குழாய்க்காரரின் அக்கா. அந்தக் குளியலறைக்குச் சொந்தக்காரி.

ஆரம்பத்தில் தையல்காரி பூ தைத்தாள், கிளி தைத்தாள். நூலகர் அவளைவிட வயதில் சின்னவள், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அது எங்கே என்று தேடுகிற ஆள். ஒருநாள் அந்தக் கிளியை வெகுநேரம் பார்த்துவிட்டு, "ரொம்ப நல்லா இருக்குக்கா. இது நீங்க பாத்த கிளியா, படத்துல பாத்த கிளியா?" என்று கேட்டாள். வேறெந்த நோக்கமும் இல்லாமல்தான் கேட்டாள். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி தையல்காரியின் காலைச் சுற்றிக்கொண்டே இருந்தது. கிளியை அவள் எங்கே பார்த்தாள்? காலண்டரில்.

மெஷினில் பாபின் நூல் தீரும்போதெல்லாம் அவள் தலையைத் தூக்குவாள். தூக்கினால் நேர் எதிரே மருந்துக்கடைக் காலண்டர். அன்று எழுந்துபோய் அதன் அடி நுனியைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள்.

என்ன அழகு! இதைச் சொல்ல அவளுக்கே வெட்கமாக இருந்தது, ஆனால் அழகாகத்தான் இருந்தது. மூலையில் சாம்பல் பச்சையாக ஒரு மேகம். அதைச் சுற்றி ஒன்றுக்குள் ஒன்றாக வட்டங்கள், ஒவ்வொன்றின் ஓரத்திலும் தேநீர் காய்ந்தது போல ஒரு பழுப்புக் கோடு. அங்கிருந்து தாரை தாரையாகக் கீழே இறங்கிய தண்ணீர், நுனி கூர்ந்து, அங்கங்கே நின்றிருந்தது. பெயிண்ட் கொப்புளித்த இடங்கள் தொட்டால் நொறுங்கும் போல இருந்தன. மாடியில் நாத்தனார் குளித்து முடித்துச் சற்று நேரத்தில் பழுப்பு ஓரம் மெல்ல நிறம் மாறுவதை அவள் நின்று பார்த்தாள். வீட்டுக்குள்ளேயே இப்படி ஒன்று வளர்ந்துகொண்டிருக்க, இவள் காலண்டர் கிளியைத் தைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

அதன் பிறகு அவளுக்குப் பசி தூக்கம் தெரியவில்லை. திரைக்கு உள்பக்கம் வைக்கும் மங்கல் வெள்ளைத் துணியைப் பின்னணியாக வைத்தாள். வெயிலில் நிறம் போன பழுப்புத் திரையைச் சன்னமாகக் கீறி வட்டத்துக்கு ஓரம் கட்டினாள். மேகத்துக்கு மெல்லிய வலைத்துணி, ஒன்றின் மேல் ஒன்றாக. கொப்புளத்துக்கு உள்ளே விரல் நுனியளவு பஞ்சைத் திணித்து மேலே மடித்துத் தைத்தாள். உரிந்த பெயிண்டுக்கு ஓரம் மடிக்காமல் இழை பிரிய விட்டாள். ஓரம் மடிக்காமல் விடுவது திரை தைக்கிறவளுக்குப் பெரிய துணிச்சல். வட்டத்துக்குள் வட்டமாகத் தையல் ஓட்டும்போது வாய் தானாக எதையோ முணுமுணுத்தது. வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் துணியைச் சுருட்டிப் பெட்டியில் போட்டுவிட்டுக் காலண்டரை நேராகத் தொங்கவிடுவாள். சில நாள் காலையில் அது கோணலாகத் தொங்கும். நேற்று அவசரத்தில் விட்டுவிட்டோம் போலிருக்கிறது என்று தன்னையே திட்டிக்கொண்டு மறுபடி நேராக்குவாள்.

வேலை முடிந்த அன்று துணியைத் தரையில் விரித்துவிட்டு ஸ்டூலின் மேல் ஏறி நின்று பார்த்தாள். இதுவரை தைத்ததில் இது ஒன்றுதான் தன்னுடையது என்று தோன்றியது. அந்த நேரம் பார்த்துத்தான் நாத்தனார் உள்ளே வந்தாள்.

நாத்தனாருக்குக் கண் கூர்மை. துணியைப் பார்த்தாள், தூக்கிக் கட்டியிருந்த காலண்டரைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள்.

"அடியே, இது நம்ம வீட்டு வேர்வைதானே?"

"ஆமாம் அண்ணி."

"இதை நூலகத்துல ஊரே பாக்க மாட்டப் போறியா?"

"மாட்டினா என்ன? என் மனசுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு."

"உனக்குப் பிடிச்சிருக்கும். ஊர்ல இருக்கறவன் என்ன கேப்பான்? இதென்ன படம்னு கேப்பான். நீ உண்மையைச் சொல்லுவ. நாளைக்கு எவனாவது அவனை வேலைக்குக் கூப்பிடுவானா? என் தம்பி மானத்தைத் துவைச்சுக் கொடியில காயப்போடாதே, சொல்லிட்டேன்." சொல்லிவிட்டுப் போனவள் வாசலில் நின்று திரும்பினாள். "ஆனா நல்லாத்தான் தைச்சிருக்க. அந்தக் கொப்புளம் நிஜம் மாதிரியே இருக்கு, கிள்ளணும் போல இருக்கு."

தையல்காரி ஸ்டூலின் மேலேயே நின்றாள். நூலக மாடியில் நடக்கவிருந்த குழுவின் கண்காட்சியில் தைத்தவர் ஒவ்வொருவரும் தன் துணியின் பக்கத்தில் நின்று, அது எப்படி மனதில் வந்தது என்று சொல்ல வேண்டும். அதுதான் முறை. உண்மையைச் சொன்னால் கணவர் தலைகுனிவார். மாட்டாமலே இருந்துவிட்டால் இவள் வயிறு எரியும். கணவர் வாய் கொஞ்சம் நீளமே தவிர மனது கெட்டியில்லை. யாராவது சிரித்தால் வெளியே காட்டாமல் உள்ளுக்குள் நொந்துபோகிற ஆள். இருதலைக்கொள்ளி எறும்பாக அவள் தவித்தாள். தவித்துக்கொண்டே இறங்கித் துணியின் எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தபோது, தலைகீழாக, கீழே இறங்கிய தாரைகளெல்லாம் மேலே எழும்பிய சிகரங்களாகத் தெரிந்தன. கூர்ந்த நுனிகள். பழுப்பு ஓரத்தில் வெயில். அடியில் சாம்பல் மேகம். மலையேதான்!

இத்தனை வருஷத்தில் ஒரு மடிப்பைக்கூட மாற்றி வைக்காதவள், அன்று ராடு மடிப்பைத் தெரிந்தே அடி ஓரத்தில் வைத்துத் தைத்தாள். ஊசி ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் தன் கையையே குத்துவது போல இருந்தது. 'மூடுபனியில் மலை' என்று நூலகத்தில் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். கேட்ட நூலகர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, "மலைக்கு எப்பக்கா போனீங்க?" என்றாள்.

மாட்டுவதற்கு ராடு வேண்டுமே. குழாய்க்காரர் சந்தோஷமாக ஒரு பிளாஸ்டிக் குழாயை அளந்து அறுத்து, இரண்டு முனையிலும் மூடி போட்டு, துணியால் துடைத்துக் கொடுத்தார். "என்ன தைச்சிருக்க, காட்டு" என்றார். "அங்க வந்து பாருங்க" என்றாள். அவர் வரமாட்டார் என்று நம்பினாள். துணி விஷயத்தில் அவருக்குப் பச்சையும் நீலமும் ஒன்று.

அவரோ தலைக்குக் குளித்து, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு, அக்காவையும் அழைத்துக்கொண்டு, கூட்டம் தொடங்கும் முன்பே நூலக மாடியில் வந்து நின்றார்.

மாடி நிறைந்துவிட்டது. மருந்துக்கடைக்காரரும் வந்திருந்தார். முதலில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் எழுந்து தன் துணியைக் காட்டினார். கறுப்புத் துணியில் இரண்டு பெரிய அரைவட்டங்கள் மட்டும் வெளிச்சமாக இருந்தன. அவற்றுக்குள் சாலை, மரம், ஒரு நாயின் வால். "மழைக்காலத்துல வைப்பர் துடைச்ச இடம். என் உலகமே இவ்வளவுதாங்க, இந்த ரெண்டு வட்டத்துக்குள்ளதான் என் சம்சாரத்தையே முதல்ல பாத்தேன்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். அடுத்து பல் டாக்டரம்மா, தன் தாயின் பல் எக்ஸ்ரேயைச் சாம்பல் பட்டில் தைத்திருந்தார். இன்னும் விழாமல் மிஞ்சியிருந்த ஒற்றைக் கடைவாய்ப் பல்லைக் காட்டியவர் அதன் மேலிருந்து விரலை எடுக்கவே இல்லை. ஆளாளுக்கு அவரவர் கண்ணால் பார்த்ததைச் சொன்னார்கள். தையல்காரி கேட்கக் கேட்கத் தன் மலையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

அவள் முறை வந்தது. "மலைன்னா எனக்கு ஆசைங்க" என்று ஆரம்பித்தாள். "காலையில பனி மூடியிருக்கும்போது... மேல வெயில் பட்டு..." பார்க்காத மலையைப் பற்றி ஒருத்தி எவ்வளவு நேரம்தான் பேச முடியும்?

மருந்துக்கடைக்காரர் கைகொடுத்தார். "பிரமாதம்மா! அந்த உச்சியில வெயில் விழுந்திருக்கற அழகைப் பாருங்க." பிறகு கூட்டத்தைப் பார்த்து, "இவங்க யார் தெரியுமா? நம்ம குழாய்க்காரர் வீட்டம்மா. அவர் கை பட்ட ஜாயிண்ட் ஒழுகாது, இவங்க கை பட்ட துணி பேசும்!" என்றார். பலத்த கைதட்டல்.

குழாய்க்காரர் கைதட்டவில்லை. அவர் துணிக்கு மிக அருகில் போயிருந்தார். தலையை இடப்பக்கம் சாய்த்துப் பார்த்தார். வலப்பக்கம் சாய்த்தார். பிறகு இடுப்பை வளைத்துக் குனிந்து, தொட்டிக்கு அடியில் இருக்கும் குழாயைப் பார்க்கிற பழக்கத்தில், தலையைத் திருப்பி மேல்நோக்கிப் பார்த்தார். அப்படியே நின்றார்.

"இது தலைகீழா இருக்கு" என்றார்.

"என்னங்க, சும்மா இருங்க" என்றாள் மனைவி, உதடு அசையாமல்.

"டேய், வாயை மூடிட்டு வா" என்றாள் அக்கா பின்னாலிருந்து.

ஆனால் வேலையில் தப்பைக் கண்டுவிட்டால் குழாய்க்காரருக்கு வாய் நிற்காது. "மலை இல்லீங்க இது. தண்ணி. தண்ணி எங்கயாவது மேல ஏறுமா? இங்க பாருங்க, இதுதான் மூலை, இங்கதான் ஆரம்பம். இது முதல்ல வந்த வட்டம், இது அதுக்கு அடுத்தது. இந்தத் தாரை மட்டும் ஏன் வளைஞ்சு போகுது தெரியுமா? சுவருக்குள்ள அந்த இடத்துல ஒரு பழைய ஆணி இருக்கு, அதைச் சுத்திக்கிட்டுப் போகுது. இந்தக் கொப்புளம்..." அவர் விரல் பஞ்சு திணித்த ஒரு சின்ன மேட்டின் மேல் தொடாமல் நின்றது. "இது இப்பதான் கொஞ்ச நாள் முன்னாடி வந்தது."

தையல்காரிக்கு மலை, கூட்டம், பேச்சு எல்லாம் மறந்துபோயிற்று.

"உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்கதான் அந்தப் பக்கம் திரும்பியே பாக்க மாட்டீங்களே?"

அவர் துணியை விட்டு நிமிர்ந்தார். "தெனமும் பாப்பேன். நீ எழுந்துக்கறதுக்கு முன்னாடி காலண்டரைத் தூக்கிப் பாப்பேன். இன்னிக்கு எவ்வளவு தூரம் இறங்கியிருக்குன்னு."

கோணலாகத் தொங்கிய காலண்டர் அவள் கண் முன்னால் வந்தது. ஒரே காலண்டர். ஒரு நுனியை இவள் தூக்கிப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறாள், மறு நுனியை அவர் தூக்கிப் பார்த்துக் கலங்கியிருக்கிறார். இரண்டு பேரும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் அதை நேராக்க முயன்றிருக்கிறார்கள். சிரிப்பதா அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"அப்ப இது என்னதுங்க?" என்று நூலகர் மெதுவாகக் கேட்டாள்.

குழாய்க்காரர் மருந்துக்கடைக்காரரைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தபோது அவள் கண்ணால் வேண்டாம் வேண்டாம் என்றாள். இது எதற்காகத் தலைகீழாகத் தொங்குகிறது என்பது அப்போதுதான் அவருக்கு முழுதாக உறைத்திருக்க வேண்டும். தொண்டையைச் செருமினார்.

"கசிவுங்க" என்றார். "எங்க வீட்டுக் கசிவு. மாடி பாத்ரூம்லேர்ந்து வருது. அந்த ஜாயிண்ட்டை வேற யாரும் போடல, நான்தான் போட்டேன்."

முதலில் மருந்துக்கடைக்காரரின் குரல்தான் கேட்டது. "அடப்பாவி மனுஷா! அதுக்குத்தான் அகலமான காலண்டரா?"

சிரிப்பு வெடித்தது. பஸ் டிரைவர் பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தார். பல் டாக்டரம்மா அன்றுதான் தன் பல்லெல்லாம் தெரியச் சிரித்திருப்பார். குழாய்க்காரர் ஒரு கணம் விறைத்து நின்றார், பிறகு அவருக்கும் தோள் குலுங்க ஆரம்பித்தது. இத்தனை காலம் சுமந்த மூட்டையை இறக்கியவரின் சிரிப்பு அது. "எங்க வீட்லயும் சமையலறைல இப்படி ஒண்ணு இருக்கு, வந்து பாப்பீங்களா?" என்று யாரோ கேட்டார்கள். "நாளைக்கு முடியாது, நாளைக்கு எங்க வீட்டுத் தரையைக் கொத்தணும்" என்றார். நாத்தனார், "அப்ப நான் எங்கடா குளிக்கறது?" என்று கேட்டுவிட்டு, "நான் அப்பவே சொன்னேன், நல்லாத் தைச்சிருக்கான்னு" என்று பக்கத்தில் இருந்தவரிடம் பெருமையடித்தாள்.

தையல்காரி பையிலிருந்து சின்னக் கத்தரிக்கோலை எடுத்தாள். துணியை இறக்கி மேஜையில் கவிழ்த்து, தப்பான ஓரத்தில் இருந்த மடிப்பைப் பிரித்தாள். பஸ் டிரைவர் ஒரு பக்கம், கணவர் ஒரு பக்கம் துணியைப் பிடித்துக்கொள்ள, சரியான ஓரத்தில் கைத்தையலாகவே அதைத் தைத்தாள். இப்போது ஊசி சுகமாக இறங்கியது. குழாயை நுழைத்து மாட்டியதும் மேகம் மேலே போயிற்று, தண்ணீர் கீழே வந்தது. அவள் ஸ்டூலின் மேல் நின்று பார்த்த அதே துணி.

"பேரை மாத்தணுமே" என்றாள் நூலகர், அட்டையும் பேனாவுமாக.

தையல்காரி கணவரைப் பார்த்தாள்.

"கசிவுன்னே எழுதுங்க" என்றார் அவர்.

"எவ்வளவு நல்ல சொல்லுங்க அது! மனசு கசியறதையும் அப்படித்தானே சொல்றோம்" என்றாள் நூலகர்.

"மனசெல்லாம் இல்லம்மா. இது பாத்ரூம்" என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி துணிப் பக்கம் திரும்பினார். வட்டம் வட்டமாக ஓடிய தையலை, ஓரம் பிரிந்து நின்ற வெள்ளை இழையை, அந்தச் சின்னக் கொப்புளத்தை நிதானமாகப் பார்த்தார். "நான் தெனம் பாத்தேன். எனக்கு இது இவ்வளவு அழகுன்னு தெரியாமப் போச்சே" என்றார். சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தார். மனைவி பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "வேர்க்குது. இங்க காத்தோட்டமே இல்ல" என்றார்.

மாடியின் ஜன்னல்கள் எல்லாம் திறந்துதான் இருந்தன.

"ஆமாங்க, வேர்வைதான்" என்றாள் தையல்காரி, தன் முந்தானை நுனியை அவரிடம் நீட்டியபடி.